ஜப்திக்கு எட்டாத வீடு: அமெரிக்கத் திவால் சட்டத்தில் ஹோம்ஸ்டெட் விலக்கின் வரலாறு

அமெரிக்காவில் திவாலாகும் ஒருவர் குடியிருக்கும் வீடு தப்புமா என்பது, அவர் எந்த மாநிலத்தில் வசிக்கிறார் என்பதைப் பொறுத்தது; குடியிருக்கும் வீட்டை ஜப்தியிலிருந்து காக்கும் ‘ஹோம்ஸ்டெட் விலக்கு’ மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இந்த ஏற்றத்தாழ்வுக்கு வேர் தேடினால், ஏழைகள்மீது கொண்ட இரக்கத்தைவிட ஆள் சேர்க்கும் அவசரமே முன்னால் நிற்கிறது.

1829இல் மெக்சிகோவின் கோவாயிலா-டெக்சாஸ் மாநிலம், குடியேறிகளுக்கு அரசு வழங்கிய நிலத்தை அவர்களுடைய பழைய கடனுக்காகப் பறிக்கக் கூடாதென்று ஆணையிட்டது. குடியேற்றத் தலைவர் ஸ்டீபன் ஆஸ்டின் வற்புறுத்திக் கேட்டுப் பெற்ற சலுகை இது. உழவு மாடுகளையும் தொழில் கருவிகளையும் ஜப்தியிலிருந்து விலக்கிய ஸ்பானியச் சட்ட மரபு அதற்குப் பின்னணி. 1831இல் ஆணை ரத்தானது; எண்ணம் மறையவில்லை.

1837 நிதி நெருக்கடியில் நொடித்துப்போன தென் மாநிலக் குடும்பங்கள் பல, கடன் கொடுத்தவர்களிடம் சொல்லாமல் டெக்சாஸுக்குக் கிளம்பின. அப்போது தனிக் குடியரசாக இருந்த டெக்சாஸுக்கும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். 1839 ஜனவரி 26 அன்று நிறைவேறிய சட்டம் 50 ஏக்கர் நிலத்தை அல்லது நகரத்து மனை ஒன்றைக் கடன்காரர் கைக்கு எட்டாமல் வைத்தது. கருவிகள், 5 கறவை மாடுகள், ஒரு ஜோடி எருது அல்லது ஒரு குதிரை, 20 பன்றிகள், ஓராண்டுக்கான உணவு ஆகியவையும் தப்பின. சலுகை குடிமக்களுக்கும் குடும்பத் தலைவர்களுக்கும் உரியது. அந்தக் குடியரசின் அரசமைப்போ கறுப்பினத்தாரையும் பூர்வகுடிகளையும் குடியுரிமையிலிருந்து விலக்கியிருந்தது. இந்தச் சட்டத்தைப் புகழ்பவர்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை.

1845இல் டெக்சாஸ் மாநிலமானபோது வரம்பு 200 ஏக்கராக உயர்ந்தது. மணமானவர் மனைவியின் சம்மதமின்றி வீட்டை விற்க முடியாதென்ற விதியும் சேர்ந்தது. என் பார்வையில் ஏக்கர் கணக்கைவிடப் பெரிய மாற்றம் இதுதான்: பாதுகாப்பு கடன்பட்டவனைத் தாண்டிக் குடும்பத்துக்குப் போனது. அடுத்த சில பத்தாண்டுகளில் பெரும்பாலான மாநிலங்கள் தத்தம் வழியில் இதைப் பின்பற்றின.

திவால் சட்டம் மத்திய அரசின் அதிகாரத்தில் இருந்தும், 1898ஆம் ஆண்டுச் சட்டம் விலக்குகளை மாநிலங்களிடமே விட்டது. ஒவ்வொரு மாநிலத்திலும் ஒவ்வோர் அளவு என்றால் நாடெங்கும் ஒரே சட்டம் என்ற அரசமைப்பு நிபந்தனை என்னாவது? 1902இல் ஹானோவர் தேசிய வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த ஆட்சேபத்தைத் தள்ளியது. 1978இல் மத்திய அரசு 7,500 டாலர் என்று தன் சொந்த வரம்பைக் கொண்டுவந்தது. ஆனால், தம் மக்களுக்கு அது வேண்டாமென்று மாநிலங்கள் மறுக்கலாம் எனவும் அனுமதித்தது, பெரும்பாலானவை மறுத்தன.

டெக்சாஸிலும் ஃபுளோரிடாவிலும் பரப்புக்குத்தான் வரம்பு, மதிப்புக்கு இல்லை. திவாலுக்கு முன் அங்கே மாளிகை வாங்கிப் பணத்தைப் பதுக்கும் பணக்காரர்களைக் குறிவைத்து 2005இல் காங்கிரஸ் ஒரு தடை போட்டது: மனு கொடுப்பதற்கு முந்தைய 1,215 நாட்களுக்குள் வாங்கிய வீட்டுக்கு, அன்றைய வரம்பின்படி, 1,25,000 டாலர்வரைதான் பாதுகாப்பு. ஆனாலும் விலக்கின் பிடி தளரவில்லை. கலிபோர்னியாவில் ஒருவர் பொய்யான அடமானக் கடன் காட்டி ஏமாற்றியபோதும், சட்டம் தந்த 75,000 டாலர் விலக்கில் திவால் நீதிமன்றம் கைவைக்க முடியாதென்று 2014இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

இத்தனைக்கும் இந்த விலக்கு வீட்டை அடமானம் பிடித்த வங்கியையோ சொத்துவரி வசூலிப்பவரையோ தடுக்காது. கிரெடிட் கார்டு, மருத்துவமனை பாக்கி போன்ற ஈடில்லாக் கடன்களுக்கு எதிராகவே அது நிற்கிறது. பென்சில்வேனியாவின் சட்டத்திலோ வீட்டுக்கென்று தனி விலக்கே கிடையாது. அங்கே திவாலாகிறவர் நாடக்கூடிய மத்திய வரம்பு, 2025 ஏப்ரல் திருத்தத்தின்படி, 31,575 டாலர்.