கரியா, கல்லா?

பெட்ரோலியப் பாடம் நடத்திய காலத்தில் "நுண்ணுயிர்கள் புதைந்து எண்ணெய் ஆயின" என்று ஒரே வரியில் கடந்துவிடுவேன். எந்தப் பாறை எண்ணெய் தரும், எவ்வளவு தரும் என்று எப்படித் தெரியும்? எந்தப் பிள்ளையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விழித்திருப்பேன். ஓய்வுபெற்ற பிறகுதான் இந்த வழக்கைப் படித்தேன்.

ஸ்காட்லாந்தில் பாத்கேட் ஊருக்கு அருகில் டார்பேன்ஹில் என்றொரு எஸ்டேட். அதன் உரிமையாளர் கில்லெஸ்பி, 1850இல் நிலக்கரி, இரும்புக்கல், சுண்ணாம்புக்கல், களிமண் எடுக்க ரஸல் கம்பெனிக்குக் குத்தகை கொடுத்தார். தோண்டியபோது கிடைத்தது கரும்பழுப்பான ஒரு விசித்திரக் கல். எரிவாயு ஆலைகள் அதை விரும்பி வாங்கின. அதே ஆண்டு ஜேம்ஸ் யங் ஒரு காப்புரிமை பெற்றார். கடும் வெப்பத்தில் இந்தக் கல் வாயுவாகப் போய்விடும். வாலையில் இட்டு மெதுவாகச் சூடேற்றினால் டன்னுக்குச் சுமார் 120 காலன் எண்ணெய் வடியும்!

கில்லெஸ்பி விடுவாரா? "இது நிலக்கரியே அல்ல, குத்தகையில் சேராது" என்று வழக்குப் போட்டார். 1853இல் எடின்பரோவில் விசாரணை. வேதியியலார், நிலவியலார், நுண்ணோக்கி நிபுணர்கள் எனப் பெரும் படையே சாட்சி சொன்னது. ஒருவர் தாவர அமைப்பு தெரிகிறது என்பார். அடுத்தவர் இல்லவே இல்லை என்பார். அறிஞர்கள் இப்படி அடித்துக்கொள்ள, குத்தகைப்படி அது நிலக்கரிதான் என்று ஜூரி முடிவு சொன்னது. கில்லெஸ்பி தோற்றார்.

நுண்ணோக்கியில் எல்லாரையும் குழப்பியவை மஞ்சள் நிறச் சிறு உருண்டைகள். அவை பாசிகள் என்று பிரான்சின் பெர்த்ரான், ரெனோ இருவரும் 1892இல் எழுதினார்கள். மரம் புதைந்தால் வருவது சாதாரண நிலக்கரி; இதுவோ கொழுப்பு நிறைந்த பாசி. ஹைட்ரஜன் அதிகம், அதனால்தான் அவ்வளவு எண்ணெய். நிலக்கரி என்பதற்குத் தாவரம்தான் அடையாளம் என்றால் இரு தரப்புக்கும் பாதிப் பாதி வெற்றி! பாறைக்குள் இருக்கும் இந்தக் கரிமப் பொருளுக்குக் 'கெரோஜன்' என்று பெயர் வைத்தவரும் எடின்பரோக்காரர்தான்: வேதியியல் பேராசிரியர் கிரம் பிரவுன், 1906இல். கிரேக்கத்தில் 'கெரோஸ்' என்றால் மெழுகு.

இன்றைய சோதனையும் யங்கின் வாலைக்குப் பேரப்பிள்ளைதான். 1970களில் பிரெஞ்சு பெட்ரோலிய நிறுவனத்தில் உருவான 'ராக்-இவல்' கருவிக்குப் பாறைப்பொடி ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு போதும். முதலில் 300 டிகிரி வெப்பம்: பாறையில் ஏற்கெனவே உள்ள எண்ணெய் ஆவியாகும். பிறகு வெப்பம் படிப்படியாக ஏறும்: கெரோஜன் உடைந்து, இனி தரக்கூடியது வெளிவரும். அந்த இரண்டாவது வெளியீடு உச்சத்தைத் தொடும் வெப்பநிலை ஏறக்குறைய 435 டிகிரிக்குக் கீழே இருந்தால், பாறை இன்னும் 'காய்'. பூமி அதைப் போதிய அளவு சமைக்கவில்லை.

டார்பேன்ஹில் கல் அப்படிப்பட்ட காய்தான். முப்பது கோடி ஆண்டுகளுக்கு மேல் கிடந்தும் பூமி முடிக்காத சமையலை யங் பாத்கேட்டில் முடித்தார். ஆனால் அந்தக் கருவியை 1853இல் நீதிமன்றத்தில் வைத்திருந்தாலும், குத்தகைத்தாளில் எழுதிய 'நிலக்கரி' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று அது சொல்லியிருக்காது.