ட்ரீம் டீமைப் பெற்றவர்

ட்ரீம் டீம் எப்படி வந்தது என்று கூடைப்பந்து ரசிகர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். 1988 சியோல் ஒலிம்பிக் அரையிறுதியில் அமெரிக்காவின் கல்லூரிப் பையன்களை சோவியத் யூனியன் 82-76 என்று சாய்த்தது. அமெரிக்கா வெண்கலத்தோடு ஊர் திரும்பியது. ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மைக்கேல் ஜோர்டன், மேஜிக் ஜான்சன், லாரி பேர்ட் என்று வீட்டில் இருந்த சிங்கங்களையெல்லாம் அவிழ்த்துவிட்டு, 1992-இல் பார்சிலோனாவில் கணக்குத் தீர்த்துக்கொண்டது.

சினிமாவுக்குப் பொருந்துகிற கதைதான். ஆனால் அந்தச் சிங்கங்களை ஒலிம்பிக்கில் விடலாமா வேண்டாமா என்று 1989-இல் வாக்கெடுப்பு நடந்தபோது, வேண்டாம் என்று வாக்களித்த நாடுகளில் அமெரிக்காவும் ஒன்று. விடவேண்டும் என்று பதினைந்து ஆண்டுகள் மல்லுக்கட்டி நின்றவர் ஒரு செர்பியர். பெல்கிரேடில் இறைச்சிக்கு முத்திரை குத்தும் உத்தியோகம் பார்த்தவர்.

பெயர் போரிஸ்லாவ் ஸ்டான்கோவிச். தெரிந்தவர்களுக்கு போரா. 1925-இல் போஸ்னியாவின் பிஹாச் ஊரில் பிறந்தார். அப்பா வக்கீல். இரண்டாம் உலகப்போர் முடிந்து யுகோஸ்லாவியாவில் டிட்டோவின் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்ததும் அப்பா, மகன் இருவரையும் சிறையில் போட்டார்கள். அப்பாவைச் சுட்டுக் கொன்றார்கள். மகனை விட்டார்கள், ஆனால் பெயர் கறுப்புப் பட்டியலில் ஏறிவிட்டது. மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கும் படிப்பு அப்படிப்பட்டவனுக்குக் கிடையாது. மாட்டு வைத்தியம் படிக்கலாம். படித்தார். பல ஆண்டுகள் கழித்து அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜாக் மெக்கலம் ட்ரீம் டீமைப் பற்றிப் புத்தகம் எழுதியபோது இந்தக் கதையிலிருந்துதான் தொடங்கினார்.

படிப்புக்கு நடுவே பந்து. 1945-இல் பெல்கிரேடில் ரெட் ஸ்டார் கிளப் தொடங்கப்பட்டது. சாவா நதி டான்யூபில் கலக்கும் இடத்தில் இருக்கிற கலெமெக்தான் கோட்டைக்குள், திறந்தவெளி ஆடுகளத்தில் அதன் கூடைப்பந்து அணி வளர்ந்தது. அங்கே சேர்ந்து ஆடிய நால்வரை செர்பியர்கள் இன்றும் தங்கள் கூடைப்பந்தின் தந்தையர் என்கிறார்கள்: நெபோய்ஷா போபோவிச், அலெக்சாண்டர் நிகோலிச், ராடோமிர் ஷாப்பர், நம் போரா. இதில் போராவின் நிலைமைதான் விசித்திரம். கம்யூனிஸ்ட் இளைஞர்கள் தொடங்கிய கிளப்பில் ஆடினார். பிறகு ராணுவத்தின் கிளப்பான பார்டிசானிலும் ஆடினார். அப்பாவைக் கொன்ற ஆட்சிதான் பனியனும் கொடுத்தது. பகையோடு ஒரே கூரையின் கீழ் காலம் தள்ளுவது எப்படி என்பதை அவர் பின்னாளில் எந்த மாநாட்டிலும் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

1950-இல் முதல் உலகச் சாம்பியன்ஷிப், அர்ஜென்டினாவின் புவேனஸ் ஐரிஸில். யுகோஸ்லாவியா பத்து அணிகளில் பத்தாவது. கடைசி இடத்துக்கான போட்டிகளில் ஸ்பெயினோடு மோதவேண்டி வந்தபோது, சர்வாதிகாரி பிராங்கோவின் நாட்டோடு ஆடமாட்டோம் என்று களமிறங்கவே மறுத்துவிட்டார்கள். அணியில் போராவும் இருந்தார். ஆட்டத்தில் கடைசி, அரசியலில் முதல் வரிசை என்று நாடு திரும்பினார்கள். அந்த நால்வரும் யுகோஸ்லாவியாவை உலகச் சாம்பியனாக்கிவிட்டுத்தான் ஓய்வது என்று அப்போது சபதம் போட்டதாக பெல்கிரேடில் ஒரு கதை உண்டு. சபதம் போட்டார்களோ இல்லையோ, 1970-இல் லூப்லியானாவில் அது நடந்தே விட்டது.

இடைப்பட்ட காலத்தில் போராவுக்குக் காலையில் இறைச்சிக்கூடம், மாலையில் ஆடுகளம். தொங்கவிட்ட மாட்டுத்தொடையைப் புரட்டிப் பார்ப்பார். ஈரலைக் கீறிப் பார்ப்பார். நோய் இல்லை என்றால் முத்திரை, இருந்தால் குப்பைக்கு. மாலையில் ஓகேகே பெல்கிரேட் அணிக்குப் பயிற்சி. அந்த அணியைத்தான் யுகோஸ்லாவிய சாம்பியன் ஆக்கினார். இடது கையால் பந்தைச் சுழற்றும் ராடிவோய் கோராச் அவர் காலத்தில் அங்கே வளர்ந்தவர். ஐரோப்பியக் கோப்பையில் ஒரே ஆட்டத்தில் 99 புள்ளி எடுத்தவர். 1966-இல் இத்தாலியிலிருந்து அழைப்பு வந்தது. காந்து என்ற சின்ன ஊரின் அணி. இரண்டே ஆண்டில், 1968-இல், அதை இத்தாலியின் சாம்பியனாக்கினார். இறைச்சி முத்திரைக்கு அத்தோடு முழுக்கு.

அடுத்தது ஃபிபா. கால்பந்தின் ஃபிஃபாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இது கூடைப்பந்தின் உலகக் கூட்டமைப்பு. அப்போது தலைமையகம் ஜெர்மனியின் மியூனிக்கில். அதைத் தொடங்கிய காலத்திலிருந்து கட்டியாண்டவர் வில்லியம் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயர். 1972 மியூனிக் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் பார்வையாளர் பகுதியிலிருந்து இறங்கிவந்து, மூன்று விரலைக் காட்டி, கடைசி மூன்று நொடியைத் திரும்ப ஆடவைத்து, அமெரிக்கா வாங்கவேண்டிய தங்கம் சோவியத்துக்குப் போகக் காரணமானாரே, அவர்தான். அவருக்குக் கீழே போரா சேர்ந்தார். 1976-இல் பொதுச்செயலாளர் நாற்காலியே அவருடையது ஆனது. அதன்பின் 26 ஆண்டுகள் அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

விதை விழுந்தது 1974-இல். அந்த ஆண்டு முதல் தடவையாக அமெரிக்கா போனார். தொழில்முறை லீகான என்பிஏவின் ஆட்டத்தை நேரில் பார்த்தார். கூடைப்பந்தை ஆடி, கற்றுக்கொடுத்து, நிர்வகித்துத் தலை நரைக்கத் தொடங்கியிருந்த மனிதர். இவ்வளவு நாள் உலகச் சாம்பியன்ஷிப், ஒலிம்பிக் என்று தாங்கள் நடத்திக்கொண்டிருந்தது இரண்டாம் தர ஆட்டம் என்பது அங்கே உட்கார்ந்திருந்தபோது அவருக்கு விளங்கியது. உலகின் முதல் தர ஆட்டக்காரர்கள் ஒருவர்கூட உலகப் போட்டியில் இல்லை. அவர்களைத் தடுத்து நிறுத்தியிருப்பது அவருடைய கூட்டமைப்பின் சட்டப்புத்தகமேதான்.

அந்தச் சட்டத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தால் சிரிப்பு வரும். ஒலிம்பிக் என்பது காசுக்கு ஆடாதவர்களுக்கு என்று விதி. சோவியத் அணியில் பலர் மாஸ்கோவின் சிஎஸ்கேஏவில் ஆடிய ராணுவ அதிகாரிகள். சம்பளம், வீடு எல்லாம் உண்டு, வேலை பந்து போடுவது. பிரேசிலின் ஆஸ்கர் ஷ்மிட் இத்தாலியின் காசெர்த்தாவில் நல்ல காசுக்கே ஆடினார், ஒலிம்பிக்குக்கும் வந்தார். அதே ஆஸ்கரை 1984-இல் நியூ ஜெர்சி நெட்ஸ் என்ற என்பிஏ அணி தேர்ந்தெடுத்தபோது அவர் போகவில்லை. போனால் பிரேசிலுக்கு ஆட முடியாது. இத்தாலியக் காசு தீட்டு இல்லை, அமெரிக்கக் காசு மட்டும் தீட்டு. மொத்தத்தில் உலகம் முழுக்கத் தடைசெய்யப்பட்டிருந்தவர்கள் என்பிஏவில் ஆடுகிற சில நூறு பேர் மட்டுமே. கெட்ட கறிக்கு நல்ல முத்திரை குத்துவது எப்படியிருக்கும் என்று தெரிந்த ஒருவரின் மேசைக்கு இந்த விதி வந்து சேர்ந்திருந்தது.

ஆனால் விதியை மாற்ற ஞானம் போதாது, வாக்கு வேண்டும். இங்கேதான் ஆட்டக்காரர் போரா அரசியல்வாதி ஆகிறார். கட்சி, கொடி, மேடை எதுவும் இல்லாத அரசியல். ஒவ்வொரு நாட்டுக் கூட்டமைப்பின் தலைவரையும் தனித்தனியாகப் பிடித்துப் பேசி, விருந்து வைத்து, அவருடைய பயத்தைக் கேட்டு, பதில் சொல்லி, அடுத்த மாநாடுவரை காத்திருக்கிற அரசியல். எதிர்ப்பு இரண்டு முனையிலிருந்தும் வந்தது. சோவியத்துக்கு இருக்கிற ஏற்பாடு வசதி. ஜோர்டன் வந்தால் தங்கம் போச்சு. அமெரிக்காவின் அமெச்சூர் கூட்டமைப்புக்கோ வேறு கவலை. கல்லூரி, பள்ளி அணிகளை வைத்துத்தான் அதன் பிழைப்பு. என்பிஏ உள்ளே வந்தால் பயிற்சியாளர் நாற்காலி முதல் பயண டிக்கெட் வரை கைமாறிவிடும். வல்லரசுகள் இரண்டும் அப்போது ஒத்துப்போன விஷயங்கள் அதிகமில்லை, இதில் ஒத்துப்போயின.

1986-இல் வாக்கெடுப்பு வந்தது. போரா கொஞ்ச வாக்குகளில் தோற்றார். அசரவில்லை. காலமும் அவர் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. ஒலிம்பிக் கமிட்டியின் தலைவர் ஹுவான் அந்தோனியோ சமராஞ்ச் அமெச்சூர் பூச்சாண்டியில் நம்பிக்கை இல்லாதவர். சியோலில் டென்னிஸ் தொழில்முறை ஆட்டக்காரர்களோடே திரும்ப வந்து, ஸ்டெஃபி கிராஃப் தங்கம் வாங்கினார். என்பிஏவின் ஆணையர் டேவிட் ஸ்டெர்னுக்கோ வெளிநாட்டுச் சந்தை மேல் ஒரு கண். ஒலிம்பிக்குக்கு அனுப்பக் கேட்டால் தயங்குவார். தன் கூரைக்குள் கூப்பிட்டு ஆடவைப்பதில் தயக்கமில்லை. 1987 அக்டோபரில் மில்வாக்கியில் மெக்டொனால்ட்ஸ் ஓபன் என்ற பெயரில் மில்வாக்கி பக்ஸ், இத்தாலியின் ட்ரேசர் மிலான், சோவியத் தேசிய அணி மூன்றும் மோதின. ஃபிபாவும் என்பிஏவும் சேர்ந்து ஒரே பந்தலில் விருந்து போட்டது அதுவே முதல் முறை. பக்ஸ் சோவியத்தை 127-100 என்று அடித்தது. வானம் இடிந்து விழவில்லை.

1989 ஏப்ரலில் மியூனிக்கில் மாநாடு. 56 வாக்கு ஆதரவு, 13 எதிர்ப்பு. சோவியத்தும் அமெரிக்காவும் அந்தப் பதின்மூன்றுக்குள். சியோல் தோல்வி நடந்து ஏழு மாதம்கூட ஆகாத நிலையில் அமெரிக்கா போட்ட வாக்கு இது. பழிவாங்கும் கதை இந்த இடத்தில் இடறி விழுகிறது. அடி வாங்கப்போகிற சின்ன நாடுகள்தான் 'வரட்டும்' என்றன. எனக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. கல்லூரி மாணவர்களிடம் முப்பது புள்ளியில் தோற்பவனுக்கு ஜோர்டனிடம் அறுபதில் தோற்பதால் நஷ்டம் எதுவும் இல்லை. பேரப்பிள்ளைக்குச் சொல்லக் கதையாவது மிஞ்சும். போராவின் கணக்கும் அதை ஒட்டியதுதான். நல்லவனிடம் அடி வாங்காமல் யாரும் நல்லவனாக முடியாது என்று அவர் நம்பினார். அமெரிக்கா ஜெயிக்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. எத்தனை நாளைக்கு ஜெயிக்கும் என்பதில்தான் அவருக்கு அக்கறை.

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். அமெரிக்க அமெச்சூர் கூட்டமைப்பு 1989-லேயே யுஎஸ்ஏ பாஸ்கெட்பால் என்று பெயர் மாறி என்பிஏவோடு கைகோத்தது. 1992 கோடையில் ட்ரீம் டீம் முதல் ஆட்டத்தில் கியூபாவை 136-57 என்று வென்றது. பார்சிலோனாவில் அங்கோலாவை 116-48. எதிரணிக்காரர்கள் ஆட்டத்துக்கு முன்னே வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பயிற்சியாளர் சக் டேலி ஒலிம்பிக் முழுக்க ஒரு டைம் அவுட்கூடக் கேட்கவில்லை. இதெல்லாம் விளையாட்டா, சர்க்கஸா என்று அன்றைக்கே முணுமுணுத்தவர்கள் உண்டு. அந்த முணுமுணுப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. விளம்பரக் கம்பெனிகளும் டிவிக் காசும் ஒலிம்பிக்கின் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டியதும் அந்தக் கதவு வழியாகத்தான்.

இதில் போராவுக்குக் கிடைத்த அடி தனி. அமெரிக்காவின் முதல் தர அணியோடு அன்று மல்லுக்கு நிற்கக்கூடிய ஒரே அணி அவருடைய நாட்டுடையது. 1988 ஒலிம்பிக்கில் வெள்ளி. 1989-இல் ஐரோப்பிய சாம்பியன். 1990-இல் உலகச் சாம்பியன், அதுவும் நாற்பது ஆண்டு முன்னால் கடைசி இடம் வாங்கிய அதே புவேனஸ் ஐரிஸில். 1991 ஜூனில் ரோமில் மறுபடி ஐரோப்பியப் பட்டம். அந்தப் போட்டியின் நடுவிலேயே ஸ்லோவேனியா தனிநாடு என்று அறிவித்தது. யூரே ஸ்டோவ்ட்ஸ் என்ற ஸ்லோவேனிய வீரர் அணியை விட்டு வெளியேறினார். நாடு துண்டு துண்டாக உடைந்தது. 1992 மே 30 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை மிச்சமிருந்த யுகோஸ்லாவியா மீது போட்ட தடையில் விளையாட்டும் சேர்ந்தது. தனி வீரர்கள் ஒலிம்பிக் கொடியின் கீழ் போகலாம். அணிகள் போக முடியாது. விளாடே திவாட்ஸ் போன்றவர்கள் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்தார்கள். இறுதிப் போட்டியில் டிராசன் பெட்ரோவிச்சும் டோனி குகோச்சும் புதிய குரோஷியாவுக்காக ஆடி 117-85 என்று தோற்று வெள்ளி வாங்கினார்கள். இருவரும் இரண்டு ஆண்டு முன்பு திவாட்ஸோடு ஒரே அணி. ஊரையே விருந்துக்கு அழைத்தவரின் சொந்த வீட்டுக்காரர்களுக்கு மட்டும் இலை போடவில்லை.

திறந்த கதவு இரண்டு பக்கமும் வழிவிட்டது. என்பிஏக்காரர்கள் வெளியே வந்த வழியே வெளிநாட்டுக்காரர்கள் உள்ளே போனார்கள். வாக்கெடுப்பு நடந்த அதே 1989-இல் திவாட்ஸ் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸிலும், பெட்ரோவிச் போர்ட்லண்டிலும் சேர்ந்தார்கள். என்பிஏவில் ஆடினால் நாட்டுக்கு ஆட முடியாது என்ற ஆஸ்கரின் தலைவலி அவர்களுக்கு இல்லை. 1992-இல் என்பிஏவில் இருபத்துச் சொச்சம் வெளிநாட்டவர் இருந்தார்கள். பின்னாளில் அது நூறைத் தாண்டியது. செர்பியாவின் சோம்போரிலிருந்து போன நிகோலா யோகிச் லீகின் சிறந்த வீரர் விருதை மூன்று முறை வாங்கினார். திவாட்ஸ் ஆட்டம் முடித்து ஊர் திரும்பி, 2009-இல் செர்பிய ஒலிம்பிக் கமிட்டியின் தலைவர் ஆனார். போரா போட்ட பாதை அது.

'எத்தனை நாளைக்கு ஜெயிக்கும்' என்ற கேள்விக்குப் பதில் 2002 செப்டம்பரில் வந்தது. உலகச் சாம்பியன்ஷிப், அமெரிக்காவின் சொந்த மண்ணில், இண்டியானாபோலிஸில். என்பிஏ வீரர்களைக் கொண்ட அமெரிக்க அணி அதுவரை யாரிடமும் தோற்றதில்லை. அர்ஜென்டினா 87-80 என்று முதல் அடியைக் கொடுத்தது. மறுநாளே காலிறுதியில் யுகோஸ்லாவியா 81-78. ஐந்தாவது இடத்துக்கான ஆட்டத்தில் ஸ்பெயினிடமும் தோற்று அமெரிக்கா ஆறாவது இடத்தில் முடித்தது. இறுதியில் யுகோஸ்லாவியா அர்ஜென்டினாவைக் கூடுதல் நேரத்தில் 84-77 என்று வென்று தங்கம் வாங்கியது. போரா ஸ்டான்கோவிச் பொதுச்செயலாளராக இருந்து நடத்திய கடைசி உலகச் சாம்பியன்ஷிப் அதுதான். அந்த ஆண்டோடு பதவியை விட்டு இறங்கினார்.