குரங்கணிச் சரிவு: சரக்குப் பாதையும் கடைவீதியும்

போடிநாயக்கனூருக்கு வடமேற்கே, கொட்டக்குடி ஆறு மலையிலிருந்து இறங்கும் பள்ளத்தாக்கில் குரங்கணி இருக்கிறது. இன்று இதை மலையேற்றத்துக்குப் புறப்படும் ஊராக வெளியூர்க்காரர்கள் அறிவார்கள். நூறாண்டுக்கு முன் இது வேடிக்கை பார்க்க வரும் இடமல்ல. மேலிருந்து தேயிலை இறங்கவும் கீழிருந்து அரிசி ஏறவும் அமைந்த சரக்குத்துறை.

1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு அரசரிடமிருந்து, குரங்கணிக்கு மேலே உள்ள கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். காடு திருத்தப்பட்டுத் தோட்டங்கள் எழுந்தபோது, ஆள் சேர்க்கும் கங்காணிகள் சமவெளியிலிருந்து தமிழ்த் தொழிலாளர்களைக் குடும்பம் குடும்பமாக அழைத்துச் சென்றார்கள். அந்தத் தோட்டங்களின் மையமான மூணாறு திருவிதாங்கூரில் இருந்தாலும், அங்கே உண்ட அரிசியும் உழைத்த கைகளும் பெரும்பாலும் கிழக்குச் சரிவு வழியாகவே போயின.

சரக்கை இறக்கச் செய்த ஏற்பாடு விசித்திரமானது. 1902இல் மூணாற்றிலிருந்து குண்டளை வழியாக மலை விளிம்புவரை ஒற்றைத் தண்டவாளப் பாதை போட்டார்கள். வண்டியின் சிறு சக்கரங்கள் தண்டவாளத்தில் ஓடும். சாய்ந்துவிடாமல் தாங்க, பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் சாலையில் உருளும். இழுத்தவை மாடுகள். 1908இல் அதன் இடத்தில் இரண்டடி அகலக் குறுகிய ரயில் பாதை வந்தது. அது முடிந்த இடம்தான் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் தொங்கியபடி சுமார் 5 கிலோமீட்டர் இறங்கிக் கொட்டக்குடிப் பள்ளத்தாக்கை அடைந்தன. பிறகு மாட்டுவண்டியில் போடிக்கு 15 கிலோமீட்டர். திரும்பும் கம்பியில் அரிசியும் மற்றத் தட்டுமுட்டுச் சாமான்களும் ஏறின. சரிவின் நடுவே உள்ள சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற சிற்றூர் இன்றும் அந்த ரோப்வேயின் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது. ரயிலே வராத ஊருக்கு ஸ்டேஷன் என்ற பெயர்.

1924 ஜூலைப் பெருமழை குண்டளை ரயிலை அடித்துக்கொண்டு போனது. மலையாள ஆண்டு 1099 என்பதால் கேரளத்தில் அதைத் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்பார்கள். அந்த ரயிலை மறுபடி போடவில்லை. ஆனால் கீழே போடிக்கு ரயில் வந்தது: மதுரையிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர் மீட்டர்கேஜ் பாதை 1928இல் திறக்கப்பட்டது. அதுவரை போடி வண்டிகள் அம்மையநாயக்கனூர் ரயில் நிலையம்வரை போகவேண்டியிருந்தது.

ரயிலையொட்டிக் கடைவீதி திட்டமிட்டும் எழலாம், தானாகவும் வளரலாம். போடிக்கு ரயில் வந்த அடுத்த ஆண்டே, 1929இல், ஜப்பானின் ஒசாகா நகரில் ஹான்கியூ ரயில் நிறுவனம் தன் உமேதா நிலையத்தின் மேலேயே பெரிய பல்பொருள் அங்காடியைத் திறந்தது. நிறுவனத் தலைவர் இச்சிசோ கோபயாஷி கணக்குப் போட்டுச் செயல்பட்டவர். குடும்பத்தோடு ரயிலேறி வந்து, பொருள் வாங்கி, மாடியில் கறிச்சோறு சாப்பிட்டுத் திரும்பும் ஞாயிற்றுக்கிழமையை அவர் திட்டமிட்டே உருவாக்கினார். போடியில் அப்படி யாரும் திட்டமிடவில்லை. சரக்கு வந்து நின்ற இடத்தில் மண்டிகள் எழுந்தன. மண்டிகளைச் சுற்றிக் கடைவீதி வளர்ந்தது. ஏலக்காய், காப்பி, மிளகு, இலவம்பஞ்சு எல்லாம் இங்கேதான் விலையாயின. விற்ற இடத்திலேயே வாங்குவது மலைக்குடும்பங்களின் வழக்கம்: பண்டிகைக்குத் துணி, கல்யாணத்துக்குப் பாத்திரமும் நகையும். அந்த வீதிகளை வளர்த்ததில் ஏலக்காய்க்குத்தான் பெரிய பங்கு. காயைத் தரம் பிரிக்கும் வேலை பெண்கள் பலருக்குக் கூலி கொடுத்தது. 2007இல் நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் மின்னணு ஏலம் வந்தபோதும் வணிகர்கள் போடியை விட்டுப் போகவில்லை.

இரண்டாம் உலகப்போரின்போது போடியின் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு, 1950களில் மீண்டும் போடப்பட்டன. 2010 கடைசியில் அகலப்பாதைப் பணிக்காக ரயில் நின்றது. 2023 ஜூன் 15 அன்றுதான் போடிக்குத் திரும்பியது, இம்முறை சென்னைவரை நேரடியாக. மலைப்பக்கமோ, காலப்போக்கில் போடியிலிருந்து மலையேறும் போடிமெட்டுச் சாலையின் பேருந்துகளும் ஜீப்புகளுமே மலைக்கும் ஊருக்கும் பாலமாயின. தேயிலையும் கூலியாட்களும் அந்தச் சாலைக்கு மாறியபின் குரங்கணிக்குச் சரக்கு வேலை இல்லாமல் போயிற்று.

அந்த வெற்றிடத்தில்தான் சுற்றுலா நுழைந்தது. சுமைக்காரர்கள் ஏறிய தடத்தில் நகரத்து இளைஞர்கள் டாப் ஸ்டேஷனுக்கும் கொழுக்குமலைக்கும் ஏறத் தொடங்கினார்கள். கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில் இருந்தாலும் ஜீப் பாதை கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து போகிறது. அதனால் சூரியோதயம் பார்க்க வரும் குடும்பங்களின் செலவு பெரும்பாலும் எல்லைக்கு அப்பாலேயே தங்கிவிடுகிறது. நடந்து ஏறுகிறவர்கள் மட்டுமே குரங்கணிக்கு மிச்சம்.

2018 மார்ச் 11 அன்று, கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கிய குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. கோடையில் காய்ந்த புல் மூடிய சரிவில் தீ ஓடும் வேகத்துக்கு மனிதர் ஓட முடியாது. 23 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கென விதிகள் கொண்டுவந்து, தடங்களைக் கடினத்துக்கேற்ப வகைப்படுத்தி, வனத்துறை அனுமதியைக் கட்டாயமாக்கியது. 2024இல் மாநிலம் முழுவதும் 40 தடங்களை இணையப் பதிவுடனும் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளுடனும் அரசே திறந்தபோது, குரங்கணி–சாம்பலாறு தடமும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது.