ஐந்தாண்டுத் தாளும் ஓராண்டு விசாவும்: மொரிசியஸுக்குப் புறப்பட்டோரின் ஆயத்தங்கள்

கொரோனாவால் சுற்றுலா முடங்கியிருந்த 2020ஆம் ஆண்டின் இறுதியில், மொரிசியஸ் அரசு ‘பிரீமியம் விசா’ என்னும் ஓர் அனுமதியை அறிமுகப்படுத்தியது. வேறொரு நாட்டு நிறுவனத்துக்காக மடிக்கணினி வழியே வேலை செய்பவர் இத்தீவில் ஓராண்டு தங்கலாம், வேண்டுமானால் புதுப்பித்துக்கொள்ளலாம். மாதம் குறைந்தது 1,500 டாலர் வருவாய், தங்குமிடச் சான்று, மருத்துவக் காப்பீடு, திரும்பிச் செல்வதற்கான பயணச்சீட்டு ஆகியவை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நிபந்தனை உண்டு: வருபவர் மொரிசியஸின் உழைப்புச் சந்தைக்குள் நுழையக் கூடாது, அவருக்கு ஊதியம் தீவுக்கு வெளியிலிருந்தே வர வேண்டும்.

இதே தீவுக்கு வேலையின் பொருட்டுத் தற்காலிகமாகப் புறப்பட்டவர்களின் வரலாறு இந்தியாவில் 1834இலிருந்து தொடர்ச்சியாகப் பதிவாகியிருக்கிறது. அவ்வாண்டு செப்டம்பர் 10ஆம் நாள், கல்கத்தாவின் காவல் தலைமையகத்தில் தலைமை மாஜிஸ்திரேட்டின் முன்னிலையில் 36 பேருக்கு ஓர் ஒப்பந்தம் வாசித்துக் காட்டப்பட்டது. ‘மலைக் கூலிகள்’ என்று ஆவணங்கள் குறிக்கும் இவர்கள் சோட்டா நாக்பூர், பீகார்ப் பகுதிகளிலிருந்து கல்கத்தாவுக்கு வந்திருந்தவர்கள். ஐந்தாண்டு வேலை, மாதம் ஐந்து ரூபாய் கூலி, உணவு, உடை என்பன ஒப்பந்தத்தின் சாரம். ‘அட்லஸ்’ என்னும் கப்பல் அவர்களை நவம்பர் 2ஆம் நாள் போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் சேர்த்தது. அவர்கள் அனுப்பப்பட்டது ஒரே ஒரு கரும்புத் தோட்டத்துக்கு.

இவ்விரண்டு புறப்பாடுகளையும் சமமாக நிறுத்துவது பிழை. ஒருவர் தெரிந்து தேர்கிறார். மற்றவருடைய தேர்வு பசியாலும் தரகராலும் முன்பே முடிவாகிவிட்டது. ஆனால் இருவருக்கும் சொல்லப்பட்ட சொல் ஒன்றே: ‘தற்காலிகம்’. அச்சொல்லின் பொருள் எங்கே தீர்மானிக்கப்படுகிறது என்பதை அறியப் பயணத்தைவிட அதற்கு முந்தைய ஆயத்தத்தைப் பார்ப்பதே பயன் தரும்.

1837ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் கல்கத்தாவிலிருந்து புறப்படும் உழைப்பாளி ஓர் அதிகாரியின் முன் தோன்ற வேண்டும் என்றது. வேலையின் தன்மை, காலம், கூலி ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும் என்றது. கண்டனங்கள் எழுந்தமையால் 1839இல் இக்குடியகல்வு தடை செய்யப்பட்டது. 1842இன் இறுதியில் கூடுதல் விதிகளுடன் மீண்டும் தொடங்கியது. அடுத்தடுத்த பத்தாண்டுகளில் ஆயத்தம் ஒரு முழு நடைமுறையாக விரிந்தது. கிராமத்தில் ஆள் சேர்ப்பவரைச் சந்திப்பது, மாவட்ட அலுவலகத்தில் பதிவு, கல்கத்தாவில் அந்தந்தக் காலனிக்கென அமைந்த முகாமில் காத்திருப்பு, மருத்துவச் சோதனை, கழுத்தில் தகர வில்லை, கடைசியாகக் குடியகல்வுச் சீட்டு. அச்சீட்டில் பெயர், தந்தை பெயர், அகவை, சாதி, ஜில்லா, தாணா, கிராமம், உயரம், அங்க அடையாளம் எல்லாம் உண்டு. புறப்படுபவர் தாமாக எடுத்துவைத்தது என்று சொல்லக்கூடியது ஏறக்குறைய எதுவுமில்லை. அவரை ஆயத்தப்படுத்தியவர்கள் பிறர்.

எனினும் ஒன்றை அவர்களே உருவாக்கிக்கொண்டார்கள்: சொற்களை. ‘அக்ரிமென்ட்’ என்பது ‘கிர்மிட்’ ஆனது, அதற்குட்பட்டவர் ‘கிர்மிட்டியா’. போஜ்புரி வழக்கில் மொரிசியஸ் ‘மிரிச் தேஷ்’ ஆயிற்று. அவ்வொலி மிளகையும் மிளகாயையும் நினைவூட்டுவது. டெமராரா ‘டம்ரா’, டிரினிடாட் ‘சினிடாட்’, சுரினாம் ‘ஸ்ரீராம் டாப்பு’, அதாவது இராமனின் தீவு. போகுமிடம் எத்தகையது என்று அறியாதவர்கள், அறிந்த ஒலிகளைக் கொண்டு அதைப் பக்கத்தில் இழுத்துவைத்துக்கொண்டார்கள். ஒலித் திரிபு என்று இதை எளிதாக வகைப்படுத்திவிடலாம். ஆனால் பெயரிடுவதும் ஒரு பயண ஆயத்தமே. பின்னாளில் இந்திய மொழி அளவாய்வை நடத்திய ஜார்ஜ் கிரியர்சன், 1883இல் வங்க மாகாணத்திலிருந்து நடந்த குடியகல்வைப் பற்றிய அரசு அறிக்கையை எழுதியவர் என்பது மொழியியல் மாணவர்கள் பலரின் பார்வைக்கு வருவதில்லை. மாவட்டம் மாவட்டமாகச் சென்று குடியகல்வுப் பதிவேடுகளைப் பார்வையிட்ட அதே மனிதரே பின்னர் அம்மக்களின் பேச்சையும் தொகுத்தார்.

இனித் திரும்புதலைப் பார்க்கலாம். ஒப்பந்தம் ஐந்தாண்டுக்குரியது. ஆனால் 1850களின் தொடக்கத்தில் மொரிசியஸ் சென்றவர்களுக்கான இலவசத் திரும்புபயண உரிமை நீக்கப்பட்டது. ‘தற்காலிகம்’ என்ற சொல் தாளில் அப்படியே இருந்தது. அதைத் தாங்கிநின்ற ஏற்பாடு அகற்றப்பட்டது. 1861ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தீவின் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். கல்கத்தா, சென்னை, பம்பாய்த் துறைமுகங்கள் வழியாகச் சென்ற ஏறத்தாழ நாலரை இலட்சம் பேரில் திரும்பியவர்கள் மூன்றில் ஒரு பங்கினர் அளவே. தங்கிவிட்டவர்கள் சுதந்திரமாகத் தங்கினார்களா என்றால் அதுவுமில்லை. ஒப்பந்தம் முடிந்த ‘பழைய குடியேறி’களும் ஒளிப்படம் ஒட்டிய சீட்டை உடன் வைத்திருக்க வேண்டும் என்றது 1867ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், சீட்டில்லாதவர் நாடோடிக் குற்றத்துக்கு ஆளாவார். இதை எதிர்த்து 1871இல் 9,401 பேர் ஒரு விண்ணப்பத்தில் ஒப்பமிட்டார்கள். அதன் விளைவாகவே அரச ஆணையம் தீவுக்கு வந்தது.

உழைப்பவரின் உடல் கடல் கடக்காமல் உழைப்பு மட்டும் கடக்கும் நிலை இந்தியாவில் மிகப் பிந்தியது. 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூரில் தன் மையத்தை நிறுவி, செயற்கைக்கோள் இணைப்பின் வழியே வேலையை வெளிநாட்டுக்கு அனுப்பியதை அதன் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாகக் கொள்வதுண்டு. சமூகவியலாளர் ஏ. அனீஷ் இதனை ‘மெய்நிகர்ப் புலப்பெயர்வு’ என்றார். இன்றைய தொலைதூரப் பணியாளர் அதையும் தலைகீழாக்குகிறார்: உடல் கடல் கடக்கிறது, வேலை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இந்தியச் சட்டம் இன்னும் பழைய உருவத்தையே மனத்தில் வைத்திருக்கிறது. 1983ஆம் ஆண்டின் குடியகல்வுச் சட்டம், வெளிநாட்டில் வேலையை மேற்கொள்ளும் நோக்குடன் புறப்படுவதையே குடியகல்வு என வரையறுக்கிறது. அதன் அதிகாரிக்கு இன்றும் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெயர்தான்: ‘குடியகல்வோர் பாதுகாவலர்’. பத்தாம் வகுப்புத் தேறாத ஒருவர் வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளில் ஒன்றுக்கு வேலைக்குப் போக அவருடைய அனுமதி வேண்டும். பெங்களூர் நிறுவனத்தின் ஊதியத்தோடு போர்ட் லூயிஸில் ஓராண்டு இருக்கப்போகிறவர் அவ்வரையறைக்குள் வருவதேயில்லை. அவருடைய ஆயத்தம் வேறு வகையானது. நிறுவனத்தின் இசைவுக் கடிதத்துக்கும் காப்பீட்டுக்கும் அடுத்தபடியாக அவர் கணக்கிடுவது நாட்களை: இந்திய வருமான வரிக்கு 182, மொரிசியஸின் வரிக்கு 183. (அந்த ஒரு நாள் இடைவெளியை வைத்துத் தனிக் கட்டுரையே எழுதலாம்.) கிர்மிட்டியாவின் நாட்களை எண்ணியவர் தோட்டத்துக்காரர், ஒரு நாள் வராதவருக்கு இரண்டு நாள் கூலியைப் பிடித்த ‘இரட்டை வெட்டு’ அக்கணக்கின் பெயர். இங்கே எண்ணுபவர் பயணியே. திரும்புவதற்கான சீட்டும் அவர் கையிலேயே இருக்கிறது. அது இல்லாமல் அவரை உள்ளே விடவும் மாட்டார்கள்.

போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் அவர்கள் இறங்கிய குடியேற்ற முகாமின் எச்சம் இன்று ‘ஆப்ரவாசி காட்’. 2006இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று. பதிவேடுகளும் ஒளிப்படங்களும் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் உள்ளன. 2024 மார்ச்சில் மொரிசியஸ் சென்ற இந்தியக் குடியரசுத் தலைவர், ஏழாம் தலைமுறை இந்திய வம்சாவளியினரும் வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்தார். அதற்கு மூதாதையின் இந்தியப் பிறப்பிடத்துக்குச் சான்று வேண்டும். அச்சான்றைத் தேடுபவர்கள் போய்ச் சேருமிடம் அந்தப் பதிவேடுகளே. போஜ்புரியிலும் தமிழிலும் தெலுங்கிலும் சொல்லப்பட்ட கிராமப் பெயர்களை எழுத்தர்கள் தம் காதில் விழுந்தபடி எழுதிவைத்தார்கள். அவற்றுள் எது எந்த ஊர் என்று கண்டுபிடிப்பது இன்னும் முடியவில்லை.