மெட்ராஸ் பாஷை

மெட்ராஸ் பாஷை என்பது சென்னையின் உழைக்கும் மக்கள் பேசும் தமிழ் வட்டார வழக்கு. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் என்று எண்ணூர் வரை நீளும் துறைமுக, ஆலைப் பகுதியே இதன் தாய்மண். 1996-இல் நகரின் பெயர் சென்னை என்று மாறியது. பாஷையின் பெயர் மாறவில்லை. 'கொச்சை', 'சேரித் தமிழ்', 'ரிக்‌ஷாக்காரன் பேச்சு' என்றெல்லாம் இதை ஒதுக்கிவைத்தார்கள். பேசியவர்களை ஊர் எங்கே நிறுத்தியிருந்தது என்பதற்கு அந்தப் பெயர்களே சாட்சி.

கலப்படத் தமிழ் என்ற பழி இதன்மேல் நெடுநாளாக உண்டு. ஆனால் இதன் எலும்புக்கூடு முழுக்கத் தொண்டை மண்டலத் தமிழ். 'ஊட்டாண்ட', 'என்னாண்ட' என்பவற்றில் வரும் 'ஆண்ட' நாம் 'அண்டை வீடு' என்று எழுதும் அதே அண்டை. உட்காருவதற்குக் 'குந்து', இழுப்பதற்கு 'வலி', பிறகு என்பதற்கு 'அப்பால' எல்லாம் அகராதியில் இடம்பெற்ற தமிழ்ச் சொற்களே. 'கொண்டு' தேய்ந்து 'கினு' ஆனது. 'இருக்கிறான்' சுருங்கி 'கீறான்' ஆனது. எழுத்தில் 'வந்துகொண்டிருக்கிறான்' என்று ஒரே மூச்சில் நீளும் சொல், இங்கே 'வந்துகினு கீறான்' என்று இரண்டு எட்டில் முடிந்துவிடும். 'அவனிடம் சொன்னேன்' என்பது 'அவங்கைல சொன்னேன்' ஆகும். வாழைப்பழம் 'வாயப்பயம்' ஆவதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. ழகரம் யகரமாவது சென்னைக்கு மட்டும் உரியதன்று. செங்கல்பட்டு, வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் கேட்கலாம்.

இந்த வழக்கின் தனி ஓசைக்குக் காரணம், சொல்லின் நடுவிலிருக்கும் உயிரொலி விழுந்துவிடுவது. அடித்து 'அட்ச்சி' ஆகிறது, உடைத்து 'ஒட்ச்சி' ஆகிறது, இழுத்து 'இஸ்து' ஆகிறது. மெய்கள் ஒன்றோடொன்று மோதும்போது பேச்சுக்கு ஒரு வெட்டும் வேகமும் வருகின்றன. அலை இரைச்சலிலும் தறிச் சத்தத்திலும் எட்ட நிற்பவருக்குக் கேட்கும்படி பேசிப் பழகிய வாய்களுக்கு இந்த வெட்டு நன்றாகவே பொருந்துகிறது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். திருவொற்றியூர்த் தியாகராசர் கோயிலில் பல்லவர், சோழர் காலக் கல்வெட்டுகள் ஏராளம். பாணினியின் வடமொழி இலக்கணத்தைப் பயிற்றுவிக்க அங்கே தனி மண்டபமே இருந்தது. அதன் பராமரிப்புக்கு நிலம் விடப்பட்டதைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. சிவபெருமானே பாணினிக்கு இலக்கணம் அருளிய தலம் என்பது அக்கோயிலின் ஐதீகம். இலக்கணத்துக்கு மண்டபம் கட்டிய ஊரின் தெருப்பேச்சைத்தான் இலக்கணமில்லாதது என்றார்கள்.

இந்த அடித்தளத்தின்மேல் அயற்சொற்கள் படிந்த வரலாறு, கரையில் வந்திறங்கியவர்களின் வரலாறே. எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். அவர்களுடைய சிறு செப்புக்காசின் பெயர் 'டுய்ட்'. அதுவே நம் 'துட்டு'. கோட்டை சிதைந்து கல்லறைகள் மட்டும் மிஞ்சியிருக்க, காசின் பெயர் தமிழ்நாடு முழுக்க உலவுகிறது. 1639-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மதராசப்பட்டினத்தில் இடம் கொடுத்தவர் தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கர். கோட்டைக்கு வடக்கே எழுந்த கருப்பர் நகரத்தில் தெலுங்கு வணிகர்களும், ஆர்மீனியர்களும், நெசவாளர்களும், இருமொழி பேசி இருபக்கமும் வணிகம் முடித்துக் கொடுத்த துபாஷிகளும் குடியேறினார்கள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாத ஊரில் நாள்தோறும் பேரம் பேசியாக வேண்டும். பாஷை அந்தத் தேவையில் முளைத்தது.

தெலுங்கிலிருந்து வந்தவற்றில் நெருக்கமானது 'நைனா'. தந்தையைக் குறித்த 'நாயனா' இங்கே மகனையும் நண்பனையும் முன்பின் அறியாதவரையும் பரிவோடு அழைக்கும் விளியாகிவிட்டது. சளிக்கு 'ஜல்பு', காசுக்கு 'டப்பு' என்பவையும் தெலுங்கே. சென்னையிலிருந்து எண்ணூருக்கு 1806-இல் வெட்டப்பட்ட கொக்ரேன் கால்வாய், பின்னர் நீண்டு 1878-இல் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் பெற்றது. விறகும் உப்பும் ஏற்றிவந்த ஆந்திரப் படகுகளின் பேச்சு அந்தத் தண்ணீர் வழியாகவே கரையேறியது.

உருதுச் சொற்களின் வழி வேறு. ஆற்காட்டு நவாப் 1768-இல் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டி அமர்ந்தபின், சிப்பாய்களும் வண்டிக்காரர்களும் தோல் வணிகர்களும் பேசிய தக்கினி உருது நகரமெங்கும் பரவியது. காலை உணவு 'நாஷ்டா', ஒரு முறை 'ஒரு தபா', எச்சரிக்கை 'உஷாரு'. மகிழ்ச்சியைக் குறித்த 'குஷ்ஹால்' 'குஜாலு' ஆயிற்று. சலிப்பைக் குறித்த 'பேஜார்' அப்படியே தங்கிவிட்டது. 'கலீஜ்' அழுக்கு. நம்பிக்கைத் துரோகி என்ற பொருள் தரும் 'பேஈமான்' இங்கே 'பேமானி' ஆனான். வாடிக்கையாளரைக் குறித்த 'கிராக்கி' ஜட்கா நிறுத்தத்திலிருந்து ரிக்‌ஷா நிறுத்தத்துக்கு வந்து, 'சாவுகிராக்கி' என்ற வசையாகவும் விளைந்தது.

வசைகளைத் தனியே பார்ப்பது தகும். 'கஸ்மாலம்' வடமொழியின் 'கச்மலம்'. அழுக்கையும் மனத்தளர்ச்சியையும் குறிக்கும் சொல். பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில், களத்தில் சோர்ந்துபோன அருச்சுனனைக் கண்ணன் கடியும் இடத்தில் இது வருகிறது. அதே சொல் காசிமேட்டுக் குழாயடியில் வந்தால் கேட்பவர் முகம் சுளிக்கிறார். சாலையைக் குறுக்கே கடப்பவரைப் பார்த்து வண்டியோட்டி கேட்கும் 'ஊட்ல சொல்லிகினு வந்தியா?' இன்னும் நுட்பமானது. அதில் ஒரு கெட்ட வார்த்தைகூடக் கிடையாது. சாகப் போகிறாய் என்று சொல்லாமல், வீட்டில் உனக்காகக் காத்திருக்கும் மனிதர்களை நினைவூட்டுகிறது. வசைக்குள் அக்கறையை மறைத்துவைக்கத் தெரிந்த பேச்சு இது.

வடசென்னைக்கே உரிய படிவு கடலிலிருந்தும் ஆலையிலிருந்தும் வந்தது. ராயபுரம் என்ற பெயரே மீனவர்களின் காவலராகிய புனித ராயப்பரை, அதாவது பேதுருவை, நினைவூட்டுவது. துறைமுகப் பணி 1875-இல் தொடங்கும்வரை கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலையைக் கடந்து ஆளையும் சரக்கையும் கரை சேர்க்கும். அந்தத் தொழிலில் அரபு, பாரசீகக் கடலோடிகளின் 'சுக்கான்', 'சாரங்கு', 'கலாசி' போன்றவை புழங்கின. கொடுத்ததும் உண்டு: கட்டுமரம் ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆகி உலகம் சுற்றியது. யூல், பர்னெல் இருவரும் தொகுத்து 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதியில் மசூலாவும் துபாஷும் கேட்டமரானும் பதிவாகியுள்ளன.

1856-இல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்டது. அடுத்த முப்பது ஆண்டுகளுக்குள் பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் எழுந்தன. வட ஆற்காடு, செங்கல்பட்டுக் கிராமங்களிலிருந்து வந்த நிலமற்ற மக்கள், பெரும்பாலும் தலித்துகள், ஆலையைச் சுற்றிக் குடியேறினார்கள். 'சங்கு ஊதிச்சி' என்றால் ஆலை கூப்பிடுகிறது என்று பொருள். வராதவனுக்கு மாற்றாக வாசலில் காத்து நிற்பவன் 'பதிலி'. மிகைநேர வேலை 'ஓட்டி'. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்த வாசலில்தான் பிறந்தது. சங்கத் தலைவர்களில் பி.பி. வாடியா ஆங்கிலத்தில் பேசினார், திரு.வி.க. செந்தமிழில் பேசினார். கேட்டவர்கள் வீடு திரும்பும் வழியில் தங்களுக்குள் எந்தத் தமிழில் அதைப் பேசிக்கொண்டார்கள் என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை. இந்தப் பாஷையின் வரலாற்றில் ஆறாத குறை அது.

1960-களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் வியாசர்பாடியிலும் எர்ணாவூரிலும் குடியமர்ந்தபோது 'அத்தோ', 'மொய்ங்கா', 'பேஜோ' வந்தன. மூன்றும் உணவு வகைகள், இன்று ராயபுரத்துத் தள்ளுவண்டிக்காரருக்கு அவை உள்ளூர்ச் சொற்கள்.

பாஷையை ஊரறியச் செய்தது திரைப்படம். அதைச் சிரிப்புக்குரியதாக்கியதும் அதுவே. 'சபாஷ் மீனா'வில் (1958) ஜே.பி. சந்திரபாபு ரிக்‌ஷாக்காரராக வந்து இந்தப் பேச்சை நாடறியச் செய்தார். 'பொம்மலாட்டம்' (1968) படத்தில் மனோரமா பாடிய மெட்ராஸ் பாஷைப் பாட்டு இன்றும் மேடைகளில் ஒலிக்கிறது. சந்திரபாபு தூத்துக்குடிக்காரர், மனோரமா மன்னார்குடியில் பிறந்தவர். வெளியூர்க் காது இதன் இசையை எவ்வளவு துல்லியமாகப் பிடித்தது என்பதற்கு இருவரும் சான்று. எனினும் நாயகன் பேசத் தகாத, நகைச்சுவை நடிகருக்கும் அடியாளுக்கும் ஒதுக்கப்பட்ட பேச்சு என்ற முத்திரையும் அதே திரையில்தான் விழுந்தது.

இதை மனிதர்களின் மொழியாக, துயரமும் காமமும் யோசனையும் உள்ளவர்களின் மொழியாக அச்சில் ஏற்றியவர்களில் ஜெயகாந்தன் முதன்மையானவர். 'உன்னைப்போல் ஒருவன்' (படமாக 1965), 'சினிமாவுக்குப் போன சித்தாளு' ஆகியவற்றில் குடிசைவாசிகள் தங்கள் வாயாலேயே பேசுகிறார்கள். அவர் எழுதிக்கொண்டிருந்த காலத்திலேயே, 1973-இல் தமிழக அரசு கைரிக்‌ஷாவை ஒழித்தது. இழுத்தவர்கள் வேறு வண்டிகளுக்கு மாறினார்கள். 'சவாரி', 'கிராக்கி' என்ற சொற்களும் அவர்களோடு கூடவே போயின. பிற்காலத்தில் கரன் கார்க்கியின் 'கறுப்பர் நகரம்', சிந்தாதிரிப்பேட்டையைக் களமாகக் கொண்ட தமிழ்ப்பிரபாவின் 'பேட்டை' (2018) ஆகியவை இந்த மண்ணிலிருந்தே எழுந்தன. சாவு வீட்டில் விடிய விடியப் பாடப்பட்ட கானா, 'அட்டகத்தி' (2012) படத்தில் ஒலித்தது, 2018-இல் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மூலம் இசையரங்குக்கும் வந்தது. 'மெட்ராஸ்' (2014), 'சார்பட்டா பரம்பரை' (2021) படங்களில் நாயகனே இந்தப் பாஷையைப் பேசினான்.

வெளியூர் இளைஞர்கள் 'மெர்சல்', 'கெத்து' என்று இயல்பாகப் பேசும் காலத்தில், பழைய சொற்கள் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கின்றன. பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் 1996-இல் மூடப்பட்டன. 'பதிலி' இன்று முதியவர்களின் வாயில் மட்டும் இருக்கிறது. எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் நின்றது. மணலி, எண்ணூர்ப் பக்கத்துக் கட்டுமான இடங்களில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் இப்போது வேலை செய்கிறார்கள். டீக்கடையில் கடைக்காரர் அவர்களைப் 'பையா' என்று கூப்பிடுகிறார். அவர்கள் திரும்பி 'இன்னாண்ணா' என்கிறார்கள்.