உரையாடு செயலிக்கு அறிவுறுத்துவது யார்?

2025 மே 14 அன்று, எக்ஸ் தளத்தின் ‘க்ரோக்’ உரையாடு செயலியிடம் பேஸ்பால் குறித்துக் கேட்டவருக்கும் தென்னாப்பிரிக்காவின் ‘வெள்ளையர் இனப்படுகொலை’ பற்றிய பதில் வந்தது. வெள்ளை இனவெறியர்கள் பரப்பிவரும் கூற்று அது. கற்பனையானது என மேற்கு கேப் உயர் நீதிமன்றம் அதே ஆண்டு பிப்ரவரியில் கூறியிருந்தது. செயலிக்கான அறிவுறுத்தலை யாரோ அனுமதியின்றி மாற்றிவிட்டதாக எக்ஸ்ஏஐ நிறுவனம் மறுநாள் விளக்கமளித்தது. மாற்றியவர் யார் என்று சொல்லவில்லை.

‘சிஸ்டம் பிராம்ப்ட்’ எனப்படுவது இந்த அறிவுறுத்தல்தான். நாம் ஒரு கேள்வியைத் தட்டச்சு செய்யும்போது, அதற்கு முன்பே நிறுவனம் எழுதிவைத்த உரையையும் சேர்த்தே செயலி படிக்கிறது. உன் பெயர் இது, இன்ன தொனியில் பேசு, இவற்றுக்குப் பதில் சொல்லாதே எனச் சாதாரண மொழியிலேயே அவ்வுரை இருக்கும். பயிற்சியால் அமைந்த இயல்பின்மேல் இது ஏற்றப்படுகிறது. ஆகவே, செயலியை மறுபடியும் பயிற்றுவிக்காமல், ஒரே வாக்கியத்தைத் திருத்தி அதன் குணத்தை மாற்றிவிட முடியும்.

இது பயனர் பார்வைக்கு வருவதில்லை. 2023 பிப்ரவரியில், முந்தைய அறிவுறுத்தல்களைப் புறக்கணிக்கும்படி ஸ்டான்ஃபோர்டு மாணவர் ஒருவர் கேட்டபோதுதான் மைக்ரோசாஃப்ட் பிங் செயலியின் உரை வெளிப்பட்டது. ‘சிட்னி’ என்ற உட்பெயரை வெளியிடக் கூடாது என்பதும் அதில் இருந்தது!

அறிவுறுத்தல்களை வெளியிட்டுவிட்டால் போதுமா? மே மாத விவகாரத்திற்குப் பின் எக்ஸ்ஏஐ அவற்றைப் பொதுவில் வைத்தது. ஜூலையில் அதே க்ரோக் ஹிட்லரைப் புகழ்ந்தது. பழைய அறிவுறுத்தல்கள் வேறொரு நிரல் வழியாக உள்ளே நுழைந்து 16 மணி நேரம் செயல்பட்டன என்று அப்போது விளக்கம் வந்தது. காட்டப்படும் உரையும் இயங்கும் உரையும் ஒன்றுதானா என்பதைச் சரிபார்க்கும் வழி பயனரிடம் இல்லை. நம் பார்வையில் சிக்கலின் மையம் இதுவே.

பொறுப்பு குறித்து ஒரு தீர்ப்பு உண்டு. தன் இணையதளச் செயலி தந்த தவறான தகவலுக்குத் தான் பொறுப்பல்ல என்று ஏர் கனடா வாதிட்டதை, 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் ஏற்கவில்லை. கனடாவின் அத்தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, எடுத்துக்காட்டலாம்.

செயலி இழிவான பதில் தந்தால் முழு உரையாடலையும் தேதி, நேரத்தோடு உடனே சேமித்துவையுங்கள். அறிவுறுத்தல் மறுநாளே மாறிவிடலாம். ‘உனக்கு யார் சொன்னது?’ என்று செயலியிடமே கேட்டுப் பெறும் பதிலை மட்டும் சான்றாக நம்ப வேண்டாம். அதையும் அது புனைந்து சொல்லக்கூடும்.