தெருமுனைத் தொட்டியின் வரலாறு

சென்னை மாநகராட்சி 1688இல் தோன்றியது. இந்நாட்டின் மிகப் பழைய மாநகராட்சி என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்வதுண்டு. அப்பெருமையைச் சொல்லும்போது நாம் நினைவுகூர மறக்கும் செய்தி ஒன்று உண்டு. 1973இன் இறுதியில் கலைக்கப்பட்ட அதன் மன்றத்துக்கு 1996 வரை தேர்தலே நடைபெறவில்லை. ஏறத்தாழ இருபத்து மூன்று ஆண்டுகள், மேயரும் இல்லை, வட்ட உறுப்பினரும் இல்லை. தனி அலுவலர்களே நகரை ஆண்டனர். தெருவிளக்கு எரியாவிட்டால் அலுவலகத்துக்கு மனு எழுதலாம். வாக்குக் கேட்டு வந்தவரை வழிமறித்துக் கேட்க வழியில்லை. எண்பதுகளின் கடைசியில் மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் தியாகராய நகரிலும் தோன்றிய குடியிருப்போர் முயற்சிகளை இந்தப் பின்னணியோடு சேர்த்தே படிக்க வேண்டும் என்பது எம் கருத்து.

வங்கி அதிகாரியாக இருந்த எம். பி. நிர்மல் 1989இல் எக்ஸ்னோராவைத் தொடங்கினார். சிறந்த, புதிய, தீவிரமான எண்ணங்கள் என்று பொருள்படும் மூன்று ஆங்கிலச் சொற்களின் தலைகளை ஒட்டவைத்து உருவாக்கிய பெயர் அது. தமிழ் படித்தவர்களுக்கு அந்த ஒட்டு சற்றே நெருடும். ஆயினும் சில ஆண்டுகளுக்குள் 'எங்கள் தெருவில் எக்ஸ்னோரா இருக்கிறது' என்று மாமிகள் பேசிக்கொள்ளும் அளவுக்கு அது சென்னைத் தமிழில் கலந்துவிட்டது.

அதன் செயல்முறை மிக எளிது. அதுவரை வீட்டுக் குப்பை தெருமுனையிலுள்ள சிமென்ட் தொட்டிக்குப் போக வேண்டும் என்பதே ஏற்பாடு. உண்மையில் அது தொட்டியைச் சுற்றித்தான் போய்ச் சேரும். மாடு ஒருபுறம் இழுக்கும், நாய் மறுபுறம் கிளறும்; மாநகராட்சி லாரி எப்போது வரும் என்பது லாரிக்கே வெளிச்சம். எக்ஸ்னோரா அந்தத் தொட்டிக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவே ஒரு மனிதரை நிறுத்தியது. ஒரு தெருவார் கூடி மன்றம் அமைப்பார்கள். மூன்று சக்கர மிதிவண்டி ஒன்றை வாங்குவார்கள். ஏற்கெனவே குப்பையில் தாளும் பிளாஸ்டிக்கும் பொறுக்கிப் பிழைத்துவந்த ஒருவரையே அழைத்து அந்த வண்டியை ஒப்படைப்பார்கள். வீட்டுக்கு மாதம் பத்து, இருபது ரூபாய் சந்தா. அதிலிருந்து அவருக்கு ஊதியம். அவர் பெயரும் மாறியது. குப்பை பொறுக்குபவர் 'ஸ்ட்ரீட் பியூட்டிஃபையர்' ஆனார். தெருவை அழகுபடுத்துபவர்!

தெரு தூய்மையானதும் பிற ஆசைகள் வந்தன. சுவருக்கு வண்ணம், நடைபாதையில் மரக்கன்று, மக்கும் குப்பைக்கு உரக்குழி. இவ்வகையில் அப்போது பேசப்பட்ட தெருக்களுள் மயிலாப்பூர் முண்டகக்கண்ணியம்மன் கோயில் தெருவும் ஒன்று. மயிலாப்பூர்க்காரர்களுக்குக் கூட்டாகச் சந்தா சேர்த்து ஒரு காரியம் செய்வது புதிதன்று. மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் பண்ட் 1872இலேயே தொடங்கப்பட்டது. கோயில், சபா, பண்ட் என்று பழகிய கணக்குப் புத்தகம்தான் நூற்றாண்டு கழித்துக் குப்பைக்கும் திறக்கப்பட்டது.

இனி இடறும் இடத்துக்கு வருவோம். மூன்று சக்கர வண்டி வீட்டிலிருந்து குப்பையை எடுத்தது, சரி. கொண்டுபோய் எங்கே கொட்டியது? மாநகராட்சியின் தொட்டியில். அங்கிருந்து லாரியில் ஏறி அது பெருங்குடிக்கோ கொடுங்கையூருக்கோ போயிற்று. பெருங்குடிக் கிடங்கு அமைந்திருப்பதோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேல். மயிலாப்பூர் வீதி பளிச்சென்றான அதே ஆண்டுகளில் அந்தச் சதுப்பு நிலம் மேடாகிக்கொண்டிருந்தது. உரக்குழி வைத்துத் தம் தெருவிலேயே குப்பையை முடித்த மன்றங்களுக்கு இக்குற்றம் பொருந்தாது. ஆனால் அதற்கு இடமும் வேண்டும், நாள்தோறும் பிரித்துப் போடும் பொறுமையும் வேண்டும். மாதம் இருபது ரூபாய் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வது அதைவிட எளிது. பள்ளிக்கரணை 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. குப்பை மலையைத் தோண்டிப் பிரித்தெடுக்கும் வேலையும் அண்மைக் காலத்தில்தான் நடக்கிறது.

அந்த வண்டிக்காரருக்கு நிகழ்ந்ததையும் பேச வேண்டும். முன்பு அவர் காவல்துறையும் வீட்டுக் காவலாளியும் விரட்டும் ஆள். எக்ஸ்னோரா வந்த பிறகு அவருக்கு ஒரு தெரு, ஒரு வேளை, மாதக் கடைசியில் ஓர் ஊதியம். பழைய தாளையும் பாட்டிலையும் விற்ற காசு தனி. இது சிறிய மாற்றம் என்று எவரும் எள்ளிவிடலாகாது. ஆயினும் அவர் யாருடைய ஊழியர்? மாநகராட்சியுடையவர் அல்லர். மன்றச் செயலாளர் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தாலோ, நாலு வீட்டார் சந்தா தர மறுத்தாலோ அவர் பிழைப்பு ஆடும். வருங்கால வைப்பு நிதியோ ஓய்வூதியமோ அந்தச் சந்தா நோட்டில் எழுதப்படவில்லை. பெயரை உயர்த்துவதற்குச் செலவு ஏதுமில்லை என்பதை மொழி படித்த நாம் சற்றுக் கூடுதலாகவே அறிவோம்.

1996இல் தேர்தல் நடந்தது. மு. க. ஸ்டாலின் மேயரானார். 2000இல் வெளியான மத்திய அரசின் திடக்கழிவு விதிகள், வீட்டுக்கு வீடு குப்பை சேகரிப்பதை நகராட்சிகளின் கடமை ஆக்கின. எக்ஸ்னோரா தெருவளவில் செய்துகாட்டியது இப்படிச் சட்டமாயிற்று. அதே ஆண்டில் சென்னையின் மூன்று மண்டலங்களில் குப்பை அள்ளும் பணி பிரெஞ்சுக் குழுமம் ஒன்றைச் சேர்ந்த ஓனிக்ஸ் நிறுவனத்துக்குப் போயிற்று. பச்சைத் தொட்டி, சீருடை, அழுத்தி ஏற்றும் வாகனம். குப்பை வண்டிக்கே 'ஓனிக்ஸ்' என்பது பொதுப்பெயராகி, அந்த நிறுவனம் 2007இல் போன பின்னரும் நெடுநாள் நிலைத்தது. அந்நிறுவனத்துக்கு எடைக்கணக்கில் பணம். எடை கூடினால் வருவாய் கூடும். அப்படியிருக்கக் குப்பையைத் தெருவிலேயே குறைக்க வேண்டும் என்று அவர்கள் ஏன் நினைக்கப் போகிறார்கள்? நிறுவனத்தின் வண்டி வாசலுக்கு வரத் தொடங்கிய இடங்களில் தெரு மன்றத்துக்குத் தனியே சந்தா எதற்கு என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது. மன்றங்கள் பல ஓய்ந்தன. மூன்று சக்கர வண்டிக்காரர் நிறுவன ஊழியர் பட்டியலில் தாமாகவே சேர்ந்துவிட முடியாது.

எக்ஸ்னோராவை வெறும் நடுத்தர வர்க்கத்து அழகுணர்ச்சி என்று தள்ளுவோர் உண்டு. நகரைக் காத்த இயக்கம் என்று கொண்டாடுவோரும் உண்டு. எம் கணிப்பில் அதன் வலிமையும் குறையும் ஒரே இடத்தில் உள்ளன. வாக்குரிமை செயலற்றிருந்த காலத்தில் சந்தா கட்டுவதன் மூலம் குடிமகனாக இருக்க அது வழிகாட்டியது. சந்தா கட்ட முடியாத குடிசைப்பகுதிக்கு அவ்வழி குறுகியது. அங்கேயும் வாக்கு இருந்தது; ஆனால் இருபத்து மூன்று ஆண்டுகள் மாநகராட்சிக்கு அதைப் போட முடியவில்லை.

2016இல் திருத்தி எழுதப்பட்ட கழிவு விதிகள், குப்பை பொறுக்குவோரைச் சேகரிப்புப் பணியோடு இணைக்க வேண்டும் என்று கூறின. 2020இல் தமிழக அரசு துப்புரவுப் பணியாளர்களைத் தூய்மைப் பணியாளர்கள் என அழைக்க ஆணையிட்டது. 2025 ஆகஸ்டில், இராயபுரம், திரு. வி. க. நகர் மண்டலங்களின் குப்பைப் பணி தனியாரிடம் ஒப்படைக்கப்படுவதை எதிர்த்து அந்தத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் பதின்மூன்று நாள் அமர்ந்திருந்தனர். பதின்மூன்றாம் நாள் நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது.